கொசுறு மூச்சு

என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நாற்காலியில் உட்காரும் முன்பே, "கொஞ்சம் பாத்துப் போட்டு விடுங்க சிஸ்டர்" என்பார்கள். நான் சிஸ்டரும் இல்லை, எதையும் போடுகிறவளும் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் ஒரு புற்றுநோய் மையத்தில் ஒளிக் கருவியை இயக்குகிற டெக்னீஷியன். பெயர் அமலோற்பவம். கட்டியின் மேல் கருவியை வைப்பேன், கருவி ஓர் எண்ணைச் சொல்லும், பொத்தானை அழுத்தினால் அது மேலிடத்துக்குப் போய்விடும். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அளவு என்றாலே அளக்கிறவரின் மனசுதான். மீன்காரி எடை போட்ட பிறகு இரண்டு சாளையை அள்ளிப் போட வேண்டும். பூக்காரி முழம் போட்டுவிட்டு நாலு விரல் கூட விட வேண்டும். அந்தக் கொசுறைக் கேட்கிற அதே குரலில்தான் என்னிடம் உயிரையும் கேட்டார்கள்.

கருவி வந்த முதல் வாரத்தில் வந்தவள் செண்பகவடிவு. உப்பளத்தில் இருபது வருஷம் உப்பு வாரியவள். கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. கருவியை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இது என்ன செய்யும்?" என்றாள்.

"லைட்டு அடிக்கும். லைட்டு பட்டதும் கட்டிக்குள்ள இருக்க ரத்தம் ஒரு சின்னச் சத்தம் குடுக்கும். நம்ம காதுக்குக் கேக்காது, மிஷினுக்குக் கேக்கும். ரெண்டு நெறத்துல லைட்டு அடிப்போம். ஆக்சிஜன் உள்ள ரத்தம் ஒரு நெறத்துக்குச் சத்தம் கூடக் குடுக்கும், இல்லாத ரத்தம் மத்ததுக்கு. அத வச்சு கட்டிக்குள்ள எவ்வளவு காத்து இருக்குன்னு நூத்துக்கு ஒரு நம்பர் சொல்லும்."

"கட்டிக்கு எதுக்குக் காத்து? மூச்சு முட்டிச் சாவட்டுமே."

"அது சாவாதும்மா. மூச்சு முட்டிக் கெடக்க கட்டி கரண்ட்டுக்கு, அதான் கதிர் வைத்தியத்துக்கு, மசியாது. ஆக்சிஜன் இருந்தாத்தான் கதிரு அதக் கொல்லும். இல்லன்னா சுத்தி இருக்க நல்ல சதைதான் வேவும்."

அவளுக்கு முப்பத்திநாலு வந்தது.

கோடு நாற்பதில் போட்டிருந்தார்கள். நாற்பதும் அதற்கு மேலும் வந்தால் நீல அட்டை, கதிர் சிகிச்சைக்கு நாள் கிடைக்கும். குறைந்தால் மஞ்சள் அட்டை, வலிக்கு மருந்து, பிறகு வீடு. நான்கு மாவட்டத்துக்கும் சேர்த்துக் கதிர் இயந்திரம் ஒன்றே ஒன்று. பலன் கிடைக்கிறவர்களுக்கு மட்டும் கொடுப்போம் என்று மேலே முடிவு செய்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். அந்த நியாயத்தை ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியவர்கள் யாரும் அதை ஒரு முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. சொன்னது நான்.

ஒரே வருஷத்தில் அந்த எண் ஊருக்குள் இறங்கிவிட்டது. விசாரிக்க வருகிறவர்கள் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை வந்தது என்று கேட்டார்கள். முப்பத்தைந்து என்றால் கொண்டு வந்த ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பினார்கள். மஞ்சள் அட்டை வாங்கிய மனைவியை ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டு பஸ் ஏறிப் போனவன் ஒருவனை எனக்குத் தெரியும். சாயங்காலம் வரைக்கும் அவள், டீ குடிக்கப் போயிருப்பார், வந்துவிடுவார் என்று என்னிடமே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆளை நேரில் பார்த்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அதெல்லாம் பிறகு. முதல் வாரத்தில் முப்பத்திநாலு வாங்கிய செண்பகவடிவு விடவில்லை. ஒரு முறை மறு அளவு கேட்கலாம் என்று விதி இருந்தது, கேட்டாள். பத்து நாள் கழித்து வந்தபோது லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு இரைத்தது. வார்டு நர்ஸ் பயந்துபோய் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டி, சிலிண்டரோடு என் அறையில் கொண்டு வந்து விட்டாள். பின்னால் வரிசை நீண்டு நின்றது. மாஸ்க்கைக் கழற்றச் சொல்லாமல் அப்படியே அளந்தேன்.

நாற்பத்தேழு.

கருவி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, கால் மணி நேரம் அவளை உட்கார வைத்து மறுபடி அளந்தேன். முப்பத்தைந்து. இரண்டு எண்ணும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எதை அனுப்புவது என்பது மட்டும் என் விரலில் இருந்தது. படிவத்தில் 'அளக்கும்போது நோயாளி சுவாசித்தது' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'சாதாரணக் காற்று' என்று டிக் அடித்து நாற்பத்தேழை அனுப்பினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு அதுவே என் தொழில் ஆகிவிட்டது. முதலில் மாஸ்க் இல்லாமல் ஒரு தடவை அளப்பேன். கோட்டுக்குக் கீழே வந்தால் கதவைச் சாத்திவிட்டு, மூலையில் கிடந்த சிலிண்டரை இழுத்துப் பத்து நிமிஷம் மாஸ்க் வைப்பேன். மறுபடி அளப்பேன். சிலருக்கு எண் அசையவே அசையாது. சிலருக்குப் பத்து, பதினைந்து கூடும். கோட்டைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணை அனுப்புவேன்.

"வெளிய யார்ட்டயும் சொல்லக்கூடாது. டாக்டர்ட்டயும்தான்" என்று சொல்லி அனுப்புவேன். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பிழைக்க வழி காட்டியவளைக் காட்டிக்கொடுக்க எந்தப் பைத்தியக்காரனும் போக மாட்டான்.

ஒரு நோட்டில் மட்டும் பெயரையும் இரண்டு எண்ணையும் எழுதி வைத்தேன். அளக்கிறவளுக்கு உண்மையான எண் எங்காவது இருக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் அறுபது பேரைக் கோட்டைத் தாண்ட வைத்தேன். அவர்களில் பதினேழு பேர் கோயில் திருவிழாவிலும் மார்க்கெட்டிலும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள், வீடு தேடி வந்து கருவாடு கொடுத்தார்கள். மற்றவர்களை நான் பார்க்கவில்லை. பார்க்கப் போகவும் இல்லை. நோய் திரும்பியவர்கள் வலிக்கு மட்டும் மருந்து கொடுக்கிற பின்கட்டிடத்துக்குப் போவார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

அறுபத்தொன்றாவது என் தங்கை சலேத்.

இரண்டு மாதமாகத் தொண்டை கரகரக்கிறது என்றாள். மழைக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானே மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். புற்றுநோய் மையத்தில் வேலை பார்க்கிறவள் கொடுத்த வைத்தியம் அது. கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளை என் நாற்காலியிலேயே உட்கார வைத்து அளந்தேன். முப்பத்தொன்று.

"எத்தனைக்கா?"

"இரு. இன்னொரு தடவ பாப்போம்."

"மஞ்ச அட்டையா?"

"வாய மூடிட்டு இத மூக்குல வச்சிக்கோ. நல்லா இழுத்து மூச்சு விடு. பத்து நிமிஷம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, திவ்விய நற்கருணை வாங்கப் போகிறவள்போல அத்தனை ஒழுங்காக மூச்சு விட்டாள். நாற்பத்தாறு வந்தது. திரையைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு அழத் தெரியாது, அதுதான் அவளுடைய அழுகை.

முப்பத்திமூன்று நாள் கதிர் வைத்தார்கள். கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது, வாயெல்லாம் புண். இளநீரைக்கூட ஸ்பூனில் ஊற்றித்தான் விழுங்கினாள். நீல அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். வலி தாங்காத நாட்களில் அதை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். கட்டி பாதியாகக் குறைந்தது. எல்லோரும் அந்தோணியார் கோயிலுக்குப் போய் வந்தோம். நாலாவது மாதம் அதே இடத்தில் கட்டி திரும்ப எழுந்தது, முன்னைவிடக் கல்லாக.

இந்த நேரத்தில்தான் டாக்டர் ஆவுடையப்பன் என்னைக் கூப்பிட்டார். கதிர் சிகிச்சைப் பிரிவின் தலைவர். யாரையும் அதட்ட மாட்டார், யாரையும் பாராட்டவும் மாட்டார். மேஜை மேல் ஓர் அறிக்கை இருந்தது.

"அமலி, ஒரு விஷயம் எனக்குப் புரியல. நாப்பதுக்கும் அம்பத்தஞ்சுக்கும் நடுவுல எண்ணு வந்தவங்களுக்கு, மத்த ஊர்ல எல்லாம் கதிரு நல்லா வேலை செஞ்சிருக்கு. நம்ம மையத்துல பாதிப் பேருக்கு மேல நோய் திரும்பிருச்சு. கதிர் மிஷின மூணு தடவ சோதிச்சாச்சு, அதுல ஒரு குறையும் இல்ல."

"மேல ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நாப்பது பத்தாதாம். ஒண்ணாம் தேதியிலேர்ந்து நம்ம மையத்துக்கு மட்டும் கோடு அம்பத்தஞ்சு."

"அப்ப நாப்பத்தெட்டு வாரவங்களுக்கு?"

"மஞ்ச அட்டைதான்."

அன்று காலையில் ஒரு பள்ளிக்கூட டீச்சரை அளந்திருந்தேன். மாஸ்க் வைக்கவே இல்லை, நேராக நாற்பத்தெட்டு. கொசுறும் இல்லை, பொய்யும் இல்லை. முதல் தேதிக்குப் பிறகு வந்திருந்தால் அவளை நான் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். என் அறுபத்தொரு பொய் எண்களும் கெடுத்து வைத்த கணக்கில் அவள் செத்துப்போயிருப்பாள். இனிமேல் வருகிற ஒவ்வொரு நாற்பத்தெட்டும் அப்படித்தான்.

நோட்டைக் கொடுத்தால் என் வேலை போகும், ஜெயில்கூட இருக்கலாம். அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. சலேத்துக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் என்னைத் தடுத்தது. முப்பத்திமூன்று நாள் அவள் வெந்தது ஒரு பொய் எண்ணுக்காக என்று அவளிடம் யார் சொல்வது? இரண்டு நாள் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்ப் போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் காலையில் டாக்டர் மேஜையில் வைத்துவிட்டேன்.

அவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

"முதல் எண்ணு?"

"சாதாக் காத்துல."

"ரெண்டாவது?"

"பத்து நிமிஷம் ஆக்சிஜன் மாஸ்க் வச்ச பொறவு."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, "எல்லாருக்கும் ஏறுச்சா?" என்றார். குரலில் கோபம் தெரியவில்லை.

"இல்ல சார். ஏறாதவங்களையும், ஏறியும் நாப்பதத் தொடாதவங்களையும் கடைசிப் பக்கத்துல எழுதிருக்கேன்."

அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த மிஷினச் செஞ்சவங்க எதுக்குச் செஞ்சாங்கன்னு தெரியுமா ஒங்களுக்கு? ஆக்சிஜன் குடுத்தா யாருக்குக் கட்டி வரைக்கும் போய்ச் சேருதுன்னு பாக்கதுக்கு. போய்ச் சேருறவங்களுக்கு மாஸ்க்கோடயே கரண்ட் வைக்கலாம். நம்மாளுங்க அத வாசல்ல நிறுத்தி ஆளக் கழிக்க வச்சிட்டாங்க. மாஸ்க் வச்சு அளக்க அனுமதி குடுங்கன்னு ரெண்டு வருஷமா நான் எழுதிட்டு இருக்கேன். ஆதாரம் எங்கன்னு கேக்காங்க." நோட்டை விரலால் தட்டினார். "ஆதாரம் மூணாவது மாடியில இருந்திருக்கு."

"நான் பொய் எழுதுதேன்னுல்லா நெனச்சேன் சார்."

"எண்ணு பொய் இல்ல அமலி. நெசமாவே ஏறிருக்கு. நீங்க மாஸ்க்கக் கழட்டிட்டுல்லா கரண்ட்டுக்கு அனுப்பிருக்கீங்க. கழட்டுன கால் மணி நேரத்துல கட்டி பழையபடி மூச்சு முட்டிப் போயிருக்கும். அப்புறம் கதிரு எங்கேர்ந்து வேலை செய்யும்?"

எனக்குத் தெரியும். மாஸ்க்கைக் கழற்றிய கால் மணி நேரத்தில் எண் இறங்குவதை முதல் நாளே என் கண்ணால் பார்த்தவள் நான். செண்பகவடிவின் முப்பத்தைந்தைப் பார்த்துவிட்டுத்தான் நாற்பத்தேழை அனுப்பினேன். வாசலைத் தாண்ட வைத்தால் போதும் என்று நினைத்தேன். உள்ளே என்ன நடக்கும் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

"யார்ட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நிறுத்திருவீங்கன்னு பயம் சார்."

"நிறுத்திருப்பேன்தான். நிறுத்திட்டு, ஏன் ஏறுதுன்னு யோசிச்சிருப்பேன்."

நோட்டின் கடைசிப் பெயரில் அவர் விரல் நின்றது. "இது ஒங்க தங்கச்சில்லா?"

"ஆமா சார். அவளுக்கு இப்ப மாஸ்க்கோட வச்சுப் பாக்கலாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் கழுத்து தாங்குற அளவு முழுசையும் வச்சாச்சு. இன்னொரு தடவ வச்சா ரத்தக் குழாயே வெடிச்சிரும். ஒரு எடத்துக்கு ஒரு வாய்ப்புதான் அமலி."

கோடு ஐம்பத்தைந்துக்கு ஏறவில்லை. டாக்டர் எதையும் மறைக்காமல் என் பெயரையும் போட்டே எழுதினார். விசாரணை நடந்தது. கருவியை இயக்கத் தெரிந்த வேறு ஆள் மாவட்டத்தில் இல்லாததால் ஒரு மெமோவோடு விட்டுவிட்டார்கள். மெமோ வந்த அதே உறையில் புதிய விதியும் வந்தது. இனி எல்லோரையும் இரண்டு தடவை அளக்க வேண்டும், மாஸ்க் இல்லாமல் ஒன்று, மாஸ்க்கோடு ஒன்று. ஏறுகிறவர்களுக்கு ஆக்சிஜனோடு கதிர் சிகிச்சை. மஞ்சள் அட்டை கொடுத்து அனுப்பியவர்களில் யார் யார் உயிரோடு இருக்கிறார்களோ அவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டும். என் நோட்டின் கடைசிப் பக்கத்துப் பெயர்களுக்கு நானே போன் போட்டேன். ஒன்பது பேர் உயிரோடு இருந்தார்கள். முன்பக்கத்து அறுபத்தொரு பேரில் யாரையும் கூப்பிட முடியாது. அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்தாயிற்று.

சலேத்திடம் நான் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று ஒரு மாதம் ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வலி மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாள். குரல் பாதி போயிருந்தது. நானும் கூடப் போனேன். மருந்தை வாங்கிக்கொண்டு திரும்புகிற வழி கதிர் அறையைத் தாண்டித்தான். வாசலில் தள்ளுவண்டியில் ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், பக்கத்தில் சிலிண்டர், நெஞ்சின் மேல் கசங்கிய மஞ்சள் அட்டை. கதவு திறந்தது. மாஸ்க்கோடும் சிலிண்டரோடும் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடி, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

சலேத் நின்றுவிட்டாள்.

"அவரு மஞ்ச அட்டைலா?"

"ஆமா. இப்ப திரும்பக் கூப்பிடுதாவ."

"அந்த மாஸ்க்கு நீ எனக்கு ஒன் ரூம்ல வச்சதுதான?"

"ஆமா."

"அவருக்கு உள்ளயும் வச்சிருக்காவளே."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. அந்த வராந்தாவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தொன்று, நாற்பத்தாறு, கழற்றிய மாஸ்க், டாக்டர் சொன்னது. ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் புடவைத் தலைப்பால் வாயில் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப, நீ ஒண்ணும் செய்யாம என்ன மஞ்ச அட்டையோட விட்டிருந்தா, இப்ப என்னயும் கூப்பிட்டிருப்பாவ."

ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவள் மேலே எரிந்த விளக்கை அண்ணாந்து பார்த்தாள். அது அணைகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். பதினைந்து நிமிஷம் இருக்கும். உள்ளே போனவரைத் திரும்ப வெளியே கொண்டு வந்தார்கள். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு யாரிடமோ காப்பி கிடைக்குமா என்று கேட்டார்.

"போலாம்" என்றாள் சலேத்.

மருந்துப் பையை வாங்கக் கை நீட்டினேன். அவள் அதை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தாள்.